கடல்சாமந்தியை வெளியே எடுத்த நாள்

உப்புத்தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று யாராவது கேட்டு வந்தால், அந்த வீட்டில் அது வேண்டாம் என்கிற ஆள் யார் என்று முதலில் விசாரியுங்கள். சுவர் எங்கே, பிளக் எங்கே, எந்த ஜன்னலில் வெயில் அடிக்கிறது என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாகப் படும். கண்ணாடி ஒட்டுகிற பசை, பொட்டலத்தில் வருகிற உப்பு, கரண்ட் போனாலும் ஓடுகிற மோட்டார் எல்லாம் இப்போது கடையில் கிடைக்கின்றன. மனிதர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். ஆகவே மோட்டாரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. செம்பூரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. தாராவியில் எங்களுக்கு ஒரு பட்டறை இருந்தது. என் வீட்டுக்காரர் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, கசியாமல் மக்குப் பசை வைத்துத் தொட்டி செய்வார். தண்ணீரும் மீனும் என் பொறுப்பு. ஆண்கள் ஆபீசுக்குப் போன பிறகு தண்ணீர் மாற்ற இவர் போய் மணி அடித்தால், வீட்டுப் பெண்கள் கதவைத் திறக்கத் தயங்கினார்கள். நான் போனால் திறந்தார்கள். அப்படித்தான் வேலை பிரிந்தது. வாளி தூக்கப் போனவள், மீன் வாலை வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தே தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் "ஆம்பள ஆளு யாரும் வரலியா?" என்று கேட்காத வீடு குறைவு. "நான் வந்திருக்கேன்லா, சொல்லுங்க" என்பேன். அதற்கு மேல் விளக்கம் கொடுப்பதைச் சீக்கிரமே விட்டுவிட்டேன்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நல்ல தண்ணீர்த் தொட்டிகள் நிறைய வைத்திருந்தோம். கடல் மீனுக்குப் பெரிய தொட்டி ஒன்றுகூடச் செய்ததில்லை. ஒரு நாள் செம்பூரிலிருந்து ஒரு டாக்டரம்மா பட்டறைக்கே வந்தார். அவர் பூர்வீகமும் எங்களைப் போலத் தெற்கேதான். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே நின்று, கைகளை அகல விரித்துக் காட்டினார்.

"இதைவிடப் பெரிசா வேணும். ஆறடி. கடல் தண்ணி, கடல் மீனு. செய்ய முடியுமா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் "முடியும்" என்று சொல்லிவிட்டேன். அப்போது அந்தச் சொல்லுக்கு என்னிடம் இருந்த ஆதாரம் மிகவும் குறைவு. கடலோரமாக இருந்த ஒரு மீன் காட்சியகத்தில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கோவாக்காரர் ஒருவரின் பின்வாசல் பக்கம் போய் நின்று, அவர் மீன்களுக்கு இரை போடும்போது கேள்வி கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் தெரிந்துவைத்திருந்தேன். அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. அங்கிள் என்றே கூப்பிடுவேன்.

நாங்கள் இருவரும் அளவெடுக்க வீட்டுக்குப் போனபோதுதான் தொட்டி யாருக்கு என்று டாக்டரம்மா சொன்னார்.

"அப்பாவுக்குத்தான், சுலைகா. முப்பது வருஷத்துக்கு மேல கலங்கரை விளக்கத்துல வேலை பார்த்தவங்க. கடலைப் பார்க்காம ஒரு நாள் இருந்ததில்ல. இங்க கூட்டிட்டு வந்ததுலேர்ந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க. அவங்க ரூம்லயே வச்சிருங்க. எதுக்குன்னு இப்பச் சொல்ல வேண்டாம். திடீர்னு பார்க்கட்டும்."

நான் டேப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். அவர் கண்ணை விட முதலில் காது திரும்புகிற மாதிரி இருக்கும். நான் உள்ளே போகும் முன்பே யாரோ வருகிறார்கள் என்று தெரிந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்த அளக்கே?"

மகள் சொல்ல வேண்டாம் என்று சொன்னது நினைவிருந்தது. ஆனால் ஒரு மனிதரின் அறையை அவர் கண் முன்னால் அளந்துகொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"மீன்தொட்டி வைக்கப் போறோம் ஐயா. கடல் தண்ணித் தொட்டி."

"யாரு கேட்டா?"

"டாக்டரம்மாதான். நீங்க கடலைப் பாக்காம இருக்கியன்னு..."

"ராவும் பகலுமா அதைத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். போதும்னுதான் இறங்கி வந்தேன். கடலு அழகுன்னு சொல்லுததெல்லாம் குளிக்க வாரவன் பேச்சு. இப்ப அதைப் பொட்டியில புடிச்சு என் தலமாட்டுல வைக்கப் போறியளா?"

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். டாக்டரம்மாவிடம், அந்த அறையில் வைக்க மாட்டேன் என்றேன். அவர் முகம் மாறியது.

"கேக்கறது நான்தானே?"

"பாக்கப்போறது அவங்கல்லா, டாக்டரம்மா. வேண்டாம்ங்கிற மனுசன் தலமாட்டுல தொட்டிய வச்சா, என்னிக்காவது மோட்டாரை அவங்களே அணைச்சுப்புடுவாங்க. ஹால்ல வைப்போம். பாக்கணும்னா வரட்டும். இல்லன்னா திரும்பிக்கிடட்டும்."

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். திரும்பும் வழி முழுக்க என் வீட்டுக்காரர் பொருமினார். "ஏளா, வந்த பெரிய வேலைய இப்பிடிக் கெடுக்கியே." கெடுக்கவில்லை, கெடாமல் நிற்க வழி பார்க்கிறேன் என்றேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். வேறு யாரையாவது வைத்து அந்த அறையிலேயே வைத்துவிடுவார்களோ என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா ஆள் அனுப்பினார். ஹாலில் வைக்கச் சம்மதம்.

தொட்டியைக் கட்டியது, தார் பூசியது, வண்டியிலேற்றிக் கொண்டுபோனது இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடு. கரையோரத் தண்ணீர் சகதி. அதனால் இந்த ஊர் மீனவரான கோளிக்காரர் ஒருவருடைய படகில் ஏறி வெளிக்கடலுக்குப் போய், ஆசிட் வருகிற பெரிய கண்ணாடி ஜாடிகளைக் கழுவிக் கழுவி, அவற்றில் தண்ணீர் மொண்டு வந்தோம். அந்தத் தண்ணீரை இருட்டில் ஆற வைத்து, தெளிய வைத்து, தொட்டியில் மணல் போட்டு நிரப்பி, மோட்டாரை ஓட விட்டோம்.

நிரப்பிய பிறகு, தண்ணீர் மீனைத் தாங்குகிற பக்குவத்துக்கு வரும்வரை மீன் விடவில்லை. வாரக்கணக்கில் விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். டாக்டரம்மாவுக்கு மானக்கேடாக இருந்தது. "ரெண்டே ரெண்டு விடுங்க சுலைகா, நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து எல்லாரும் சாப்பிட வராங்க" என்றார். "தண்ணி இன்னும் ஆகல" என்றேன். "தண்ணி ஆகறதுன்னா என்ன? சமைக்கிறீங்களா?" என்று கோபப்பட்டார். அப்போது ஹாலைக் கடந்து குளிக்கப் போய்க்கொண்டிருந்த பெரியவர் நின்று, தொட்டியைப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்: "அவசரப்படாம இருக்கா. அவ சொல்லுததைக் கேளு."

அது அவர் என் பக்கமாகப் பேசிய முதல் வார்த்தை. தொட்டி வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு வேலையை வேலையாகச் செய்தால் அவருக்குப் பிடிக்கும்.

பிறகு மீன்கள் வந்தன. முதலில் எதையும் தாங்குகிற சின்ன மீன்கள், அப்புறம் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன்கள். கடைசியாக, தெற்கே இருந்து ரயிலில் தகர டின்னில் வந்தது கடல்சாமந்தி. பார்க்கப் பெரிய பூ மாதிரி இருக்கும். ஆனால் பூவில்லை, உயிர். பாறையில் அடிப்பாகத்தால் ஒட்டிக்கொண்டு, விரல் விரலாக விரிந்து ஆடும். நடுவில் வாய். அதற்குள்ளேயே குடியிருக்கிற ஒரு ஜோடிக் கோமாளி மீன்களும் கூட வந்தன. மற்ற மீன் பட்டால் சாமந்தி கொட்டிப் பிடித்துத் தின்னும். இவற்றை ஒன்றும் செய்யாது.

அது பாறையில் ஒட்டி விரிகிற வரைக்கும் நான் தொட்டியடியிலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பினால் பெரியவர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன செடி இது?"

"செடியில்ல ஐயா. உசுரு. இறால் குடுத்தா வாங்கும்."

"கையில இருந்தா?"

ஒரு குச்சி முனையில் இறால் துண்டைக் குத்தி அவரிடம் கொடுத்தேன். சாமந்தியின் விரல்கள் அதை மெதுவாக மூடிப் பிடித்து இழுத்தபோது அவர் குச்சியை விடவில்லை. அது விடுகிற வரை அப்படியே நின்றார். மறுவாரம் நான் போனபோது ஹாலில் அவருடைய நாற்காலி கிடந்தது. சுவரைப் பார்த்து அல்ல.

அதன்பிறகு எனக்குச் செய்தி சொல்கிறவர் அவர்தான். "செவ்வாக்கெழம மத்தியானம் மோட்டார் சத்தம் கம்மிப் போச்சு. தட்டி விட்டேன், சரியாச்சு" என்பார். போய்த் திறந்து பார்த்தால் உள்ளே ரப்பர் கிழிய ஆரம்பித்திருக்கும். யாருக்கும் கேட்காத வித்தியாசம் அவருக்குக் கேட்டது. சாமந்தி என்று விரிந்தது, என்று சுருங்கியது, கோமாளிகள் சண்டை போட்டனவா, எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார். டாக்டரம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "வந்ததுலேர்ந்து மொத்தமா பேசினதைவிட இந்த மாசம் அதிகம் பேசியிருக்காங்க."

இப்போது ஜூலைக்கு வருகிறேன்.

பம்பாய் மழை உங்களுக்குத் தெரியும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் கோளிக்காரர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். தேங்காய் போட்டுக் கடலை வணங்குகிற பௌர்ணமி, ஆகஸ்டு மாதவாக்கில் வரும். அதற்குப் பிறகுதான் படகு இறங்கும். அதுவரை வெளிக்கடல் தண்ணீர் ஒரு சொட்டுக் கிடைக்காது. இதை எண்ணி அந்த வீட்டு வராந்தாவில் சில ஜாடிகளை நிரப்பி மூடி வைத்திருந்தேன். அவ்வளவுதான் கையிருப்பு.

ஒரு நாள் காலை, முந்திய நாள் பிடித்த மழை விடவேயில்லை. தாராவியில் விளக்கு இல்லை. செம்பூர்ப் பக்கமும் இல்லை என்று வழியில் வந்த ஒருவர் சொன்னார். காற்று மோட்டார் நின்றால் தொட்டிக்குள் மூச்சு நின்றது மாதிரி. என் வீட்டுக்காரரிடம், "எங்கன இருந்தாவது லாரி டியூப் ரெண்டு வாங்கி, காத்தடிச்சுக் கொண்டு வாங்க. நான் முன்ன போறேன்" என்றேன்.

"ரயில் காடியெல்லாம் பந்த்தாமே, ஒண்ணும் ஓடலியாம். எப்பிடிப் போவ?"

"நடந்துதான்."

சயானில் தண்ணீர் இடுப்பளவு. செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாது. ரயில் பாதை மேட்டைப் பிடித்துப் போனேன். செம்பூர் போய்ச் சேர்ந்தபோது முழுக்க நனைந்த துணி மாதிரி இருந்தேன். கதவு திறந்தே கிடந்தது.

பெரியவர் தொட்டியின் பக்கத்தில் ஸ்டூலில் ஏறி நின்று, ஒரு சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கித் தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் விழுகிற வேகத்தில் காற்று கலக்கும் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தார். எப்போது தொடங்கினார் என்று கேட்டேன். "மோட்டார் நின்னதுலேருந்து" என்றார். டாக்டரம்மா முந்திய நாள் ஆஸ்பத்திரிக்குப் போனவர், வெள்ளத்தில் திரும்ப முடியவில்லை. வீட்டில் பெரியவர் தனியாகத்தான் இருந்திருக்கிறார். சொம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று அடியில் சாய்ந்து கிடந்தது. அதை எடுத்துப் போட்டேன். பிறகுதான் சாமந்தியைப் பார்த்தேன்.

சுருங்கி, முஷ்டி அளவுக்கு வந்திருந்தது. வாய் பிளந்திருந்தது. மேலே சளி மாதிரி ஒரு படலம். கோமாளிகள் இரண்டும் அதைவிட்டு விலகி மூலையில் நின்றன. கையை விட்டு அதன் பக்கத்துத் தண்ணீரை மோந்து பார்த்தேன். நாற்றம் அடித்ததா என்றால், அடித்த மாதிரியும் இருந்தது, அடிக்காத மாதிரியும் இருந்தது.

நீங்கள் இந்த இடத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடல்சாமந்தி செத்தால், மீன் சாவது மாதிரி இல்லை. கரைந்து அழுகி, தொட்டி முழுவதையும் சில மணி நேரத்தில் விஷமாக்கிவிடும். தொட்டி முழுக்க மாற்றத் தண்ணீர் கிடையாது. ஆனால் உயிரோடு இருக்கிற சாமந்தியைப் பாறையிலிருந்து பிய்த்தால் அடிப்பாகம் கிழிந்து அதுவே அதைக் கொன்றுவிடும். விட்டுவைத்தால் எல்லாம் போகலாம், எடுத்தால் பிழைக்கக்கூடிய ஒன்றை நானே கொன்றதாகலாம்.

"ஐயா, இதை வெளிய எடுக்கணும்" என்றேன்.

சொம்பு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஊற்ற ஆரம்பித்தார்.

"செத்துட்டா?"

"தெரியல."

"தெரியாம எப்பிடி எடுப்ப?"

"தெரியுத வரைக்கும் நின்னா எல்லாம் போயிரும் ஐயா."

"போன மாசம் இதே மாதிரி கெடந்துச்சு. வாயி பொளந்துதான் கெடந்துச்சு. நீ இங்கன இல்ல, நான் பாத்தேன். மறுநாளு விரிஞ்சிட்டு."

அவர் சொன்னது பொய்யாக இருக்க வழியில்லை. அவரைவிட அந்த உயிரை யாரும் அதிகம் பார்த்ததில்லை. நானே வாரம் ஒரு முறை வருகிறவள். அதுதான் என்னைக் கலக்கியது. ஒன்றும் தெரியாதவர் எதிர்த்துப் பேசினால் காதில் வாங்காமல் இருந்துவிடலாம். தெரிந்தவர் எதிர்த்தால் அப்படி இருக்க முடியாது.

கோவாக்கார அங்கிள் ஒரு முறை சொன்னது நினைவுக்கு வந்தது: "ஏக் கே வாஸ்தே சப்கோ மத் மாரோ." ஒன்றுக்காக எல்லாவற்றையும் கொன்றுவிடாதே. அவருக்குச் சொல்வது எளிது. அவர் கட்டடத்துக்குப் பின்னாலேயே கடல் இருந்தது. தப்பு நடந்தால் தண்ணீரை இறைத்துக்கொள்வார். எனக்கு வராந்தாவில் இருக்கிற ஜாடிகள்தான் கடல்.

நான் மனதில் பார்த்தது ஒன்றே ஒன்று. போன மாதம் சுருங்கியபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இன்று ஓடவில்லை. அதே அறிகுறி, ஆனால் அதே நாள் இல்லை. எது மாறியிருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். முன்பு பிழைத்தது என்பதற்காக இன்றும் பிழைக்கும் என்று நம்பிக்கொண்டு நிற்காதீர்கள்.

"வாளியில தனியா வைக்கேன் ஐயா. ஜாடித் தண்ணி ஊத்தி வைக்கேன். பொழைக்கதா இருந்தா அங்கன பொழைக்கட்டும்."

"ஜாடித் தண்ணியா? அது மொத்தத்துக்கும் வேணும்னுல்ல சொன்ன?"

"இதுக்கும் குடுக்கணும்லா."

நான் பிஸ்மி சொல்லிக் கையை உள்ளே விட்டேன். கட்டைவிரல் நகத்தால் பாறைக்கும் அதன் அடிக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். அது இறுக்கமாகப் பிடித்திருந்தது. செத்ததாக இருந்தால் இவ்வளவு பிடிக்குமா என்று ஒரு எண்ணம் ஓடியது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாதி பிய்ந்ததாக நின்றுவிடும். பெரியவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கை மட்டும் நிற்காமல் மொண்டு ஊற்றியது.

சாமந்தியை வாளியில் வைத்து மூடிவிட்டு, அவர் கையிலிருந்து சொம்பை வாங்கினேன். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார்.

மத்தியானத்துக்கு மேல் என் வீட்டுக்காரர் வந்தார். கைவண்டியில் இரண்டு லாரி டியூப்கள், காற்றடித்து உப்பிக்கொண்டு, ஒரு சைக்கிள் பம்பு, ரப்பர் குழாய்ச் சுருள். சயான் வெள்ளத்தில் டியூப்கள் மிதந்ததால் வண்டியைத் தள்ளுவதே சுலபமாக இருந்ததாம். "ஹாத்காடியா ஓடமான்னே தெரியல" என்றார். அந்த நிலைமையிலும் பெரியவர் சிரித்துவிட்டார். டியூபின் வாயில் குழாயைச் செருகி, கிளிப்பால் நெரித்து, மறுமுனையைத் தொட்டியில் விட்டோம். மெல்லிய குமிழ்கள் ஏறின. ஒன்று தீர்ந்ததும் அடுத்தது, அதற்குள் தீர்ந்ததற்குச் சைக்கிள் பம்பால் காற்று.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே பம்பு அடிப்பதைப் பார்த்துப் பெரியவர் அதட்டினார். "எல்லாரும் ஒண்ணா முழிச்சிருந்தா எல்லாரும் ஒண்ணாத்தான் விழுவோம். ஒருத்தன் அடி, ஒருத்தி படு. நான் கடியாரம் பாக்கேன்." கலங்கரை விளக்கத்தில் அப்படித்தான் முறை மாற்றுவார்களாம். அந்த இரவை நாங்கள் தாண்டியது அவருடைய கண்டிப்பால்.

மறுநாள் மழை தணிந்து டாக்டரம்மா வந்து சேர்ந்தார். கரண்ட் அதற்கும் பிறகுதான் வந்தது. மோட்டார் உறுமிய சத்தத்தைக் கேட்டு என் வீட்டுக்காரர் தரையிலேயே படுத்துவிட்டார். வண்ணத்துப்பூச்சி மீன்கள் எல்லாம் போயிருந்தன. மற்றவை பிழைத்தன. கோமாளிகள் இரண்டும் குழாய்க்குப் பின்னால் ஒளிந்து நின்றன.

வாளித் தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருந்தது. சாமந்தி கரைய ஆரம்பித்திருந்தது. பெரியவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"சாகப்போகுதுன்னு வாளியில போட்டியா, வாளியில போட்டதால செத்துச்சா?"

"தெரியல ஐயா" என்றேன். அவர் மூடியைத் திரும்ப வைத்துவிட்டு உள்ளே போனார்.

அப்பாவின் வீங்கிய கைகளைப் பார்த்து டாக்டரம்மா அழுதார். "போதும் சுலைகா. பிரிச்சு எடுத்துட்டுப் போயிருங்க. நான்தான் புரியாம ஆரம்பிச்சேன்" என்றார். உள்ளே இருந்து குரல் வந்தது: "அது கெடக்கட்டும். யாரும் தொட வேண்டாம்."

தொட்டி நின்றது. ஆனால் பெரியவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் வாராவாரம் போவேன். போனதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து பின்னறைக்குப் போய்விடுவார். மோட்டாரைப் பற்றிய செய்தியைக்கூட மகள் மூலம்தான் சொல்லுவார். எனக்கு அது வலித்தது. என்னிடம் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு முறை, நான் செய்தது சரிதான் என்று விளக்கிச் சொல்லிவிடலாமா என்று பின்னறை வாசல் வரை போனேன். என்ன விளக்குவது? சரி என்பது எனக்கே தெரியாது. திரும்பி வந்து வடிகட்டியைக் கழுவினேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். முடிவெடுத்த பிறகு, அது சரியா என்று காட்டுகிற சாட்சி எதுவும் கிடைக்காது. அடுத்த வாரம் அதே வீட்டு மணியை அடிக்க வேண்டியிருக்கும். அடியுங்கள். போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஆகஸ்டுப் பௌர்ணமி முடிந்து முதல் படகு இறங்குகிற காலையில், ஜாடிகளோடு நானும் என் வீட்டுக்காரரும் கரையில் நின்றிருந்தோம். ஒரு டாக்ஸி வந்து நின்றது. பெரியவர் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"நானும் வாரேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. படகைப் பார்த்துச் சொன்னார்.

கோளிக்காரர் கைகொடுத்து ஏற்றிவிட்டார். கரைச் சகதி பின்னால் போய், தண்ணீர் பழுப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. பெரியவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே பேச ஆரம்பித்தார்.

"ஒரு புயல் சமயம். நான்தான் டூட்டி. வெளக்குல மேண்டில் கிழிஞ்சுபோச்சு. பெட்ரோமாக்ஸுல இருக்குமே, அது மாதிரி, ஆனா பெருசு. வெளிச்சம் மங்கிட்டு. மங்கலோட அப்பிடியே விடலாம். இல்ல, முழுக்க அணைச்சு, புதுசு மாட்டி, திரும்ப ஏத்தலாம். அதுவரைக்கும் கடலு இருட்டு."

"என்ன செஞ்சீய ஐயா?"

"அணைச்சேன். மாட்டுனேன். ஏத்துனேன். நல்ல வெளிச்சம். விடிஞ்சு கீழ பாத்தேன். கடல்ல ஒண்ணுமே இல்ல."

"அப்ப நல்லதுதான?"

அவர் முதல் முறையாக என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லன்னா, ஒண்ணும் வரலன்னும் இருக்கலாம். வந்தது முழுகிப் போச்சுன்னும் இருக்கலாம். யாரு வந்து சொல்லுவா? அதுக்கப்புறமும் அந்தக் கடலைத் தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சாயங்காலம் ஆச்சுன்னா மேல ஏறி வெளக்கை ஏத்தினேன்."

காற்று அடங்கியிருந்தது. கோளிக்காரர் பாயை இறக்கினார். படகு நின்று ஆடியது. பெரியவர் குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தெளிவா இருக்கு. ஜாடிய எடும்மா" என்றார்.